தெருவில் நடக்கலாம், குடியிருக்கலாமா?
வாடகை வீட்டுத் தீண்டாமையும் புகாரின் வரலாறும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைப் பேசிக் கலைவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் பாதியில் விட்டுச்சென்ற வேலைகளில் ஒன்றை எடுத்துப் பேசுவதே உண்மையான மரியாதை என்று நாம் கருதுகிறோம். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டது வாடகை வீடு.

கிராமத்தில் ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம் என்று நிலமே சாதியாகப் பிரிந்து கிடப்பதை நம் எழுத்தாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நகரத்தில் அந்தக் கோடு மண்ணில் தெரிவதில்லை. போனில்தான் தெரிகிறது. "எந்த ஊரு?", "ஊர்ல எந்தப் பக்கம்?", "நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?", "அப்பா என்ன பண்றாரு?", கடைசியில் "நீங்க என்ன ஆளுங்க?". பதில் சொன்ன மறுநிமிடம் வீடு முடிந்துவிடுகிறது, அல்லது ஓனரின் மகள் குடிவரப் போகிறாள், அல்லது அட்வான்ஸ் இரண்டு மடங்காகிறது. படித்து, வேலை வாங்கி, நகரத்துக்கு வந்த முதல் தலைமுறை இந்தக் கேள்விகளைத் தாண்டித்தான் ஒரு கூரையின் கீழ் போக வேண்டியிருக்கிறது. பலர் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள். பலர் சுவரில் அம்பேத்கர் படம் மாட்டாமல் இருக்கிறார்கள்.

இதற்கு எதிராகப் புகார் கொடுக்க முடியுமா? முடியும். அதற்குச் சட்டமும் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எப்படி வந்தது, ஏன் பயன்படாமல் கிடக்கிறது என்று தெரியாமல் வழிமுறையை மட்டும் தெரிந்துகொண்டால் காவல் நிலைய வாசலிலேயே திரும்பிவிடுவோம். எனவே வரலாற்றிலிருந்து தொடங்குவோம்.

1. பதினோரு நாள்

1917-இல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு, உதவித்தொகை ஒப்பந்தப்படி சமஸ்தானத்துக்கு உழைக்க வந்தவர். தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியோடு வந்த பார்சிகள் கூட்டம் ஒன்று அவரை அன்று மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. நண்பர்கள் இருவரிடம் கேட்டும் இடம் கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

இந்தச் சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். அதிலுள்ள ஒரு தகவலை மட்டும் நாம் பெரும்பாலும் கடந்துபோகிறோம். அந்தப் பதினோரு நாளில் அவர் சும்மா இருக்கவில்லை. அரசு பங்களா ஒன்றை ஒதுக்கித் தரும்படி சமஸ்தானத்துக்கு மனு கொடுத்திருந்தார். அது தனக்கு வாழ்வா சாவா என்ற அவசரமாக இருந்தும் திவானுக்கு அவசரமாகப் படவில்லை என்றும், மனு ஒரு அதிகாரியிடமிருந்து இன்னொரு அதிகாரிக்குப் போய்க்கொண்டிருந்தபோதே தன் கெடு முடிந்துவிட்டது என்றும் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஆக, வீடு மறுக்கப்பட்ட தலித்தின் புகார் நூறாண்டுகளுக்கு முன்பே மேசைக்கு மேசை அலைந்திருக்கிறது. கூரை இன்றைக்கு வேண்டும். விசாரணையோ ஆற அமர நடக்கும். வீட்டுப் பிரச்சினையின் மையச் சிக்கல் இதுதான்.

2. தெரு திறந்தது, வீடு திறக்கவில்லை

சென்னை மாகாணத்தில் இந்த உரிமைப் போராட்டம் தெருவில் தொடங்கியது. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் போன்றவற்றை ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தத் தடையில்லை என்று அரசு ஆணை வந்தது. 1938-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. இரண்டும் பெரிய வெற்றிகள். இரண்டும் பொது இடத்தைப் பற்றியவை.

அக்ரகாரத் தெருவில் நடக்கும் உரிமை 1924-இல் காகிதத்தில் வந்தது. அதே தெருவில் வீடு பிடித்துக் குடியிருக்கும் உரிமையைப் பற்றி இரண்டுமே பேசவில்லை. நடந்துபோகிறவர் போய்விடுவார். குடியிருப்பவர் தங்கிவிடுவார், அடுத்த வீட்டில் சமைப்பார், பிள்ளைகள் ஒன்றாக விளையாடும். சாதி அஞ்சுவது இந்த அண்டை வாழ்க்கைக்குத்தான். வீட்டை 'தனிச் சொத்து' என்று சொல்லிவிட்டால் அரசு உள்ளே வரக்கூடாது என்ற வாதம் அன்றிலிருந்து இன்றுவரை அந்த அச்சத்துக்குக் காவல் நிற்கிறது.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றுக்கொண்டது. இன்று அது 17-ஆவது பிரிவு. நம் அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசைக் கட்டுப்படுத்துபவை. 17-ஆவது பிரிவு தனிமனிதரையும் கட்டுப்படுத்துகிறது. தீண்டாமையை யார் கடைப்பிடித்தாலும் குற்றம். வீட்டு ஓனரும் இதற்கு விலக்கல்ல.

3. மறந்துபோன ஒரு வரி

17-ஆவது பிரிவைச் செயல்படுத்த 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-இல் அதைத் திருத்தி 'குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்' என்று பெயர் மாற்றினார்கள். நாம் பேச்சில் 'பி.சி.ஆர்.' என்று சொல்வது இதைத்தான். வேடிக்கை என்னவென்றால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதியும் வழக்கையும் நம் ஊர்களில் 'பி.சி.ஆர். கேஸ்' என்றே சொல்கிறார்கள். பெயர் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்தச் சட்டத்தைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

திறந்து பார்த்தால், 4-ஆவது பிரிவில் தீண்டாமையின் பேரால் யாருக்கும் மறுக்கக்கூடாத உரிமைகளின் பட்டியல் வருகிறது. கடை, ஓட்டல், கிணறு, பேருந்து எல்லாம் அதில் உண்டு. எட்டாவது இனமாக, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டவும், அடையவும், அதில் வசிக்கவும் உள்ள உரிமை வருகிறது. 'எந்தப் பகுதியிலும்' என்ற அழுத்தம் சட்டத்திலேயே இருக்கிறது. தீண்டாமை அடிப்படையிலான எந்தப் பாகுபாடும் இதற்குள் வரும் என்று 1976-இல் விளக்கம் சேர்த்தார்கள். தண்டனை ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம்வரை சிறை. 100 ரூபாய்க்குக் குறையாமல் 500 ரூபாய்வரை அபராதம்.

இன்னும் முக்கியமானது 12-ஆவது பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரால்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது எதிரியின் பொறுப்பு. "சாதிக்காகத்தான் மறுத்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று எழுத்தர் கேட்டால் அதற்கு நம் பதில் இந்தப் பிரிவு.

இன்னொன்று: 4-ஆவது பிரிவு 'எந்த நபருக்கும்' என்று பேசுகிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட தலித் கிறிஸ்தவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் கொடுக்க முடியாது. ஆனால் இந்த 1955 சட்டத்தின் 4-ஆவது பிரிவு அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. 12-ஆவது பிரிவின் அனுமானம் மட்டும் கிடைக்காது. ஆதாரத்தைக் கூடுதலாகத் திரட்ட வேண்டியிருக்கும்.

4. கடல் கடந்த ஒரு புகார்

அம்பேத்கர் பரோடாவை விட்டு வெளியேறிய அதே 1917-ஆம் ஆண்டு நவம்பரில், வெள்ளையர் தெருவில் கறுப்பர் குடியேறக் கூடாது என்ற லூயிவில் நகர விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கு தற்செயலாக வந்ததல்ல. கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர் வில்லியம் வார்லி, சட்டத்தைச் சோதிப்பதற்கென்றே மனை வாங்க ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய வழக்கு. அந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர் டுபாய்ஸ். 1946-இல் அம்பேத்கர் கடிதம் எழுதிய அதே டுபாய்ஸ்.

விதி போனது, ஒதுக்கல் போகவில்லை. கறுப்பருக்கு விற்க மாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். அரசு விலகிய இடத்தில் தனியார் ஒப்பந்தம் வந்து உட்கார்ந்தது. அப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. பிறகு 1966-இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவில் வீட்டுரிமைப் போராட்டம் நடத்தினார். 1968 ஏப்ரல் 4 அன்று அவர் கொல்லப்பட்டார். ஏப்ரல் 11 அன்று நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது.

அந்தச் சட்டம் விற்க மறுப்பதை, வாடகைக்குத் தர மறுப்பதை, ஆளுக்கொரு நிபந்தனை சொல்வதை, காலியாக இருக்கும் வீட்டை இல்லை என்று பொய் சொல்வதை, பாகுபாடு காட்டும் விளம்பரத்தைத் தனித்தனியாகத் தடைசெய்கிறது. பாதிக்கப்பட்டவர் ஓராண்டுக்குள் வீட்டுவசதித் துறையிடம் கட்டணமில்லாமல் புகார் தரலாம். இரண்டாண்டுக்குள் நேராக நீதிமன்றமும் போகலாம். தொடக்கத்தில் அந்தத் துறைக்குச் சமரசம் பேசும் அதிகாரம் மட்டுமே இருந்தது. 1988-இல்தான் விசாரித்து அபராதம் விதிக்கும் பல் முளைத்தது. சட்டம் வந்ததும் எல்லாம் நடந்துவிடவில்லை. இருபது ஆண்டு அழுத்தம் தேவைப்பட்டது.

நாம் அங்கிருந்து கற்கவேண்டிய கருவி ஒன்று உண்டு: சோதனை. ஒரே வருமானம், ஒரே வேலை சொல்லும் இருவர், ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர், ஒரே வீட்டைக் கேட்டுப் போவார்கள். கறுப்பருக்கு 'இல்லை', வெள்ளையருக்கு 'வாருங்கள்' என்றால் பொய் அங்கேயே பிடிபட்டுவிடும். அப்படிப் பொய் சொல்லப்பட்ட சோதனையாளரே வழக்குத் தொடுக்கலாம் என்று 1982-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டிலும் இது ஆய்வாக நடந்திருக்கிறது. சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் டெல்லி, நொய்டா, குர்கான், காசியாபாத், ஃபரிதாபாத் பகுதிகளில் ஆதிக்க சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் போனிலும் நேரிலும் வாடகை வீடு கேட்டுப் பார்த்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. தலித் என்று தெரிந்தால் நேரடி மறுப்பு, இல்லாவிட்டால் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. முஸ்லிம்களுக்கு நிலைமை இன்னும் மோசம். நம் அனுபவம் என்று தள்ளப்பட்டது ஆய்வு முடிவாக அச்சில் வந்தது. ஆய்வோடு நின்றுவிட்டது என்பதுதான் குறை.

5. 2005 தீர்ப்பும் அதன் நிழலும்

அகமதாபாத்தில் 1920-களில் பதிவான பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று துணைவிதி வைத்திருந்தது. உறுப்பினர் ஒருவர் தன் சொத்தைப் பார்சி அல்லாதவருக்கு விற்க முயன்றார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. சங்கம் அமைக்கும் சுதந்திரம் என்ற அடிப்படையில் 2005-இல் நீதிமன்றம் அந்தத் துணைவிதியை ஏற்றுக்கொண்டது. சிறுபான்மையான பார்சிகளைக் குற்றம்சாட்ட இதைச் சொல்லவில்லை. அந்த வாதத்தை ஆதிக்க சாதிச் சங்கங்கள் கையில் எடுத்தால் என்னவாகும் என்பதே கவலை. 'எங்கள் சமூகத்தினர் மட்டும்', 'சைவம் மட்டும்' என்ற பலகைகள் இந்த நிழலில்தான் துணிவாகத் தொங்குகின்றன.

அந்த வழக்கு தீண்டாமை பற்றியதல்ல என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு வீடு மறுப்பது 17-ஆவது பிரிவையும் 1955 சட்டத்தையும் தொடுகிறது. "சொந்த வீடு, என் இஷ்டம்" என்பதற்கு அங்கே இடமில்லை என்று வாதிட நமக்கு உறுதியான தரை இருக்கிறது.

வாடகைச் சட்டங்களோ இதில் மௌனம். 2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் போடு, பதிவு செய், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்காதே என்கிறது. வாடகைக்காரராக ஆகவே விடாமல் தடுக்கப்பட்டவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கான 2017 சட்டத்திலும், திருநர்களுக்கான 2019 சட்டத்திலும் சொத்தை வாடகைக்கு எடுக்கும் உரிமையில் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். 2023-இல் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோது அதில் வீட்டுவசதியையும் சேர்த்தது. எழுதத் தெரியாமல் இல்லை. சாதிக்கும் மதத்துக்கும் எழுத மனமில்லை.

6. புகார் கொடுக்கும் முறை

இருக்கும் சட்டத்தை வைத்து என்ன செய்யலாம்?

முதலில் பதிவு. மறுக்கப்பட்ட அன்றே தேதி, நேரம், முகவரி, பேசியவர் யார், புரோக்கர் யார், என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம், அவர் என்ன சொன்னார் என்று அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள். குரல்பதிவு இருந்தால் அது பதிவான போனையே பத்திரப்படுத்துங்கள். மின்னணு ஆதாரத்துக்கு நீதிமன்றத்தில் சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஒப்பீட்டுச் சாட்சி. நண்பர் ஒருவர் அதே வீட்டை அன்றோ மறுநாளோ கேட்கட்டும். நமக்கு 'முடிந்துவிட்ட' வீடு அவருக்குத் திறந்திருந்தால் அவருடைய வாக்குமூலம் முக்கியமான துணை ஆதாரம்.

மூன்றாவது, எந்தப் பிரிவு என்று பிரித்துப் பாருங்கள். மறுப்பு மட்டும் என்றால் 1955 சட்டத்தின் 4-ஆவது பிரிவு. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டினாலோ இழிவுபடுத்தினாலோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். நான்கு சுவருக்குள் சாட்சியில்லாமல் பேசியது 'பொதுப் பார்வை' ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. மாடிப்படியிலா, தெருவாசலிலா, யார் கேட்டார்கள் என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். குடியேறிய பிறகு சாதி தெரிந்து காலி செய்ய வைத்தால், வசிப்பிடத்தை விட்டு வெளியேறச் செய்வதைக் குற்றமாக்கும் 3(1)(இசட்) பிரிவு இருக்கிறது. 2016 முதல் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம்.

நான்காவது, காவல் நிலையம். இவை பிடியாணை இல்லாமல் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்கள். சம்பவ இடம் வேறு எல்லையில் இருந்தாலும் புகாரைப் பதிய மறுக்க முடியாது. வன்கொடுமைச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கைக்கு முன்பு பூர்வாங்க விசாரணை தேவையில்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை நீர்த்துப்போகச் செய்தபோது ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித்துகள் தெருவில் இறங்கியதால்தான் 18-ஏ பிரிவு வந்தது. அந்தப் போராட்டத்தில் உயிரிழந்தவர்கள் வாங்கித் தந்த உரிமை அது. கேட்டுப் பெறுங்கள். அறிக்கையின் நகல் இலவசம். விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையக்கூடாது.

ஐந்தாவது, நிலையத்தில் மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், நகரம் என்றால் ஆணையருக்கும் அனுப்புங்கள். அதன்பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம். கடமை தவறும் அரசு ஊழியருக்கு வன்கொடுமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவே தண்டனை வைத்திருக்கிறது. கூடவே தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கும், 2021-இல் அமைந்த மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்துக்கும் நகல் போகட்டும். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பட்டியல் சாதியினருக்கு இலவச சட்ட உதவி உண்டு, அதற்கு 15100. வன்கொடுமைப் புகாருக்கான உதவி எண் 14566.

ஆறாவது, காலக்கெடு. 1955 சட்டத்தின் 4-ஆவது பிரிவுக் குற்றத்துக்குத் தண்டனை ஆறு மாதம்வரைதான் என்பதால் ஓராண்டுக்குள் வழக்கு நீதிமன்றம் போயாக வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்.

7. எதற்காக?

இத்தனையும் செய்தால் அந்த வீடு கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 500 ரூபாய் அபராதத்தில் எந்த ஓனரும் திருந்திவிடப் போவதும் இல்லை. 'பிரச்சினை பண்ற ஆளு' என்று புரோக்கர்கள் மத்தியில் பெயர் பரவினால் அடுத்த வீடும் கடினம். பிள்ளைகளின் பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது காவல் நிலையத்தில் உட்காரச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பெயரை மறைத்து வீடு பிடித்தவரைக் கோழை என்று பேசும் தோழர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அம்பேத்கரே பார்சிப் பெயரில் தங்க வேண்டியிருந்த நாட்டில் அந்தப் பழியை நாம் ஒருவர் மேலும் போட மாட்டோம்.

ஆனால் புகார் இல்லாத குற்றம் அரசின் கணக்கில் நடக்காத குற்றம். 4-ஆவது பிரிவில் வீட்டு மறுப்புக்கென்று வழக்குகள் வராதவரை, அப்படியொரு பாகுபாடே இல்லை என்று அரசு சொல்லும். புதிய வாடகைச் சட்டம் எழுதும் மேசையில் நம் அனுபவத்துக்கு நாற்காலி கிடைக்காது. லூயிவிலில் ஒரு சங்கம் ஒன்றுகூடி வழக்கை உருவாக்கியது. வீடு தேடி அலைந்த குடும்பத்தின் தலையில் அது அந்தச் சுமையைக் கட்டவில்லை. நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் நம் அமைப்புகள் மறுப்புகளைப் பதியும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். சமூகவியலும் சட்டமும் படிக்கும் மாணவர்கள் சோதனையாளர்களாகப் போகட்டும். வீடு இருப்பவர்கள், வேலை நிலைத்தவர்கள் முதல் புகார்களைத் தங்கள் பெயரில் கொடுக்கட்டும். பெயரை வெளியிட விரும்பாதவர்களின் அனுபவங்கள் தொகுப்பாக ஆணையங்களுக்குப் போகட்டும்.

வாடகைச் சட்டத்தில் ஒரு பிரிவு வேண்டும் என்பது நம் கோரிக்கை: சாதி, மதம், பாலினம், திருமண நிலை, உணவு ஆகியவற்றைச் சொல்லி வீடு மறுப்பதும், விளம்பரம் செய்வதும், நிபந்தனை கூட்டுவதும் கூடாது, வாடகை அதிகார அமைப்பே அந்தப் புகாரைக் குறித்த நாளுக்குள் விசாரிக்க வேண்டும். பரோடாவில் மனு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தபோது கெடு முடிந்துவிட்டது. கெடு இனி மனுவை விசாரிக்கிறவர்களுக்கு இருக்கட்டும்.

ஜெய்பீம்.